வார்னிஷில் ஒரு பெருவிரல்

சிங்காநல்லூர் லைன் வீட்டின் ஜன்னல் வழியே நுழைந்த சாயங்கால வெயில் வயலினின் தலைமேல் விழுந்து நிற்கிறது. கழுத்தும் தலையும் சேரும் இடத்தில், தேன்நிற வார்னிஷுக்குள், ஒரு பெருவிரல் ரேகை சுழிசுழியாகத் தெரிகிறது. பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் பிரான்சிஸின் தாத்தாவிடம் விட்டுப்போன வயலின் இது. உள்ளே ஒட்டிய சீட்டில், பூச்சி அரித்தது போக, செய்தவனின் பெயர் மட்டும் மிச்சம்: எமில் தெலோன். வார்னிஷ் காய்வதற்குள் அந்தப் பிரெஞ்சு ஆசாரி அவசரப்பட்டுத் தூக்கியிருக்க வேண்டும். அவன் செத்து எத்தனையோ காலமாகியும் விரல் அங்கேயே இருக்கிறது. பிரான்சிஸ் வயலினைத் தோளில் சாய்த்து, சிறுவயதிலிருந்து வைப்பதுபோலவே, தன் இடது பெருவிரலை அந்த ரேகையின் மேல் வைக்கிறான். கச்சிதமாகப் பொருந்துகிறது. மறுபக்கம் கம்பிகளை அழுத்த விரல் எதுவும் வரவில்லை. போன மாதம் பட்டறையில் தகடு வெட்டும் பவர் பிரஸ் அந்த நான்கு விரல்களையும் எடுத்துக்கொண்டது. இன்றைக்குத்தான் கைக்கட்டைப் பிரித்தார்கள். தையல் போட்ட இடம் இளஞ்சிவப்பாக மினுங்குகிறது. வலது கையால் வில்லை எடுத்து, அழுத்தாமலே பேசுகிற வெறுங்கம்பி ஒன்றை இழுக்கிறான். நீளமாக, பிசிறில்லாமல் ஒலிக்கிறது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நிற்கிறது. "ஏனுங்க, மாதா பாட்டுங்களா?" என்கிறாள் அவன் மனைவி ஜெசிந்தா. "ஏன் நிறுத்திப்போட்டீங்க? மேல வாசிங்க." பழக்கத்தில் சொல்லிவிட்டவள் சட்டென்று அடுப்பை அணைக்கிறாள். அவன் பெருவிரலை எடுக்காமல், அதே கம்பியை மறுபடி இழுக்கிறான்.