மச்சான் முறை

கடைசியாகக் கிளம்பும்போதும் என் வீட்டுக்காரர் என் காப்பியைத்தான் ஏசினார். “தெனமும் கழனித்தண்ணி ஊத்தி என்னையப் பசுமாடாவே ஆக்கிட்ட. நாளைக்குக் கறக்க வந்துராத.” அன்று மாலை மேடையிலேயே மாரடைப்பு வந்துவிட்டது.

எதிரே உட்கார்ந்திருப்பவர்களை ஏசிச் சிரிக்கவைப்பதுதான் அவர் தொழில். எந்த ஊர்த் திருவிழாவானாலும் முதலில் “என்ன மச்சான்” என்று முறை வைத்துக்கொள்வார். மச்சானைக் கேலி செய்தால் யார் கோபிக்க முடியும்? அதன்பிறகுதான் வசவு தொடங்கும்.

கருமாதிக்குப் பல ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள். மகன் கதிரேசனுக்குத் தலைப்பாகை கட்ட, “தாய்மாமன் வாங்க” என்று பெரியவர் கூப்பிட்டார். நான் அண்ணன் தம்பி இல்லாதவள். பிள்ளை வெறுந்தலையோடு எழுந்துவிடுவானோ என்று பந்தலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

கடைசி வரிசையில் முன்பின் தெரியாத ஒருவர் எழுந்தார். “என்னைய மச்சான்னு கூப்ட்டுத்தானேய்யா பூசணி மண்டைன்னாரு? அப்ப நான்தான் மாமன்.”

“உக்காருய்யா. உன்னைய வெறும் பூசணின்னுதான் சொன்னாரு. என்னைய எருமைன்னாரு. நான்தான் மூத்தவன்” என்றார் இன்னொருவர்.

துக்க வீடு சிரித்துவிட்டது. இருவரும் சேர்ந்தே கட்டினார்கள். இரண்டு துண்டின் கனத்தில் கதிரேசனால் நிமிரத்தான் முடியவில்லை. பந்தலில் இன்னும் பலர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார்கள்.