அலமாரிக் கதவில் அக்கா

அலமாரிக் கதவில் மறுபடியும் “அக்கா” என்று எழுதியிருந்தது, துணியில் கோடு போடுகிற சாக்பீஸால். அதைப் பார்த்தபிறகுதான் அக்கா பெட்டி கட்டுவதென்று முடிவு செய்தாள்.

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, முன்னறையில் தையல் கடை நடத்துகிறவர்கள். தங்கைக்கு ஒற்றைத் தலைவலி. வந்தால் முதலில் கண்ணோரம் பளபளவென்று கோணல் கோடுகள் ஓடும், பாதித் துணி தெரியாது. அப்புறம் மண்டை பிளக்கும். போன மாதம் ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகவே வெட்டி வைத்திருந்தாள்.

“ஒவ்வொரு தடவையும் வலிக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு குறிச்சு வைங்கம்மா. காரணம் பிடிபட்டுடும்” என்றார் டாக்டர்.

கையில் எப்போதும் சாக்பீஸ், எதிரே அலமாரிக் கதவு. தங்கை அதிலேயே குறித்தாள். அக்கா. வெயில். அக்கா. பட்டினி. அக்கா. அக்கா.

“நான் என்னடி பண்ணேன்?”

“ஒவ்வொரு தடவையும் வலிக்கு முன்னாடி நமக்குள்ள சண்டை. நீயே யோசிச்சுப் பாரு.”

“சண்டை இல்லாத வீடு எங்க இருக்கு?”

“காபிய விட்டாச்சு. வெயில்ல போறத விட்டாச்சு. இன்னும் விடாம மிச்சம் இருக்கறது நீ ஒருத்திதான்!”

அத்தோடு அக்கா வாயை மூடிக்கொண்டாள். தம்பிக்குப் போன் போட்டு, “லீவு கிடைக்கறப்ப வந்து என்னை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடா” என்றாள். தங்கையிடம் ஒரு வாரமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டன் வேண்டுமென்றால்கூடச் சைகைதான்.

அந்த வாரம் முழுக்கத் தலைவலி எட்டிப் பார்க்கவில்லை. “பாத்தியா?” என்றாள் தங்கை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டன் ஓட்டைக்குக் காஜா தைத்தாள்.

தம்பி வருகிற காலையில் தங்கை தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து கொட்டாவி மேல் கொட்டாவியாக விட்டுக்கொண்டிருந்தாள். இரவு நன்றாகத் தூங்கியவள்தான். பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்டு ஜன்னலை அடித்துச் சாத்தினாள். நூல் அறுந்ததற்கு நூற்கண்டைத் திட்டினாள்.

தம்பி வழக்கம்போலக் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். “பெரியக்கா, கிளம்பலாமா? என்ன சின்னக்கா, மூஞ்சி உர்ருன்னு இருக்கு?”

“அந்தச் சாவியக் கீழ வைடா.”

“கார் சாவிக்கா, எங்கயாவது வச்சேன்னா மறந்து...”

“வைடான்னா! காதுக்குள்ள ஆணி அடிக்கற மாதிரி இருக்கு. எருமை மாடு மாதிரி வளந்திருக்க, கொஞ்சமாவது அறிவு இருக்கா? அம்மா கொடுத்த செல்லம், அதான் இப்படி!”

“அடக் கடவுளே! பெட்டி தூக்கத்தானே கூப்பிட்டீங்க? அர்ச்சனையும் உண்டுன்னு சொல்லவே இல்லையே!”

தங்கை எறிந்த கத்திரிக்கோல் மேஜையில் டங்கென்று விழுந்தது. பெட்டியோடு வாசலுக்கு வந்துவிட்ட அக்கா அப்படியே நின்றாள்.

தங்கை மூச்சு வாங்கிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். ஊசியின் காது தெரியவில்லை. கண்ணோரம் கோணல் கோடுகள் பளபளத்தன.

“வந்துடுச்சு” என்றாள். “சண்டை போட்டேன்ல, வந்துடுச்சு.” தட்டுத் தடுமாறி எழுந்து சாக்பீஸை எடுத்தாள். அலமாரிக் கதவில் தடவித் தடவி “தம்” வரைக்கும் எழுதிவிட்டாள்.

“ஐயையோ, பெரியக்கா என் வீட்டுக்கு வராங்க. நான் எந்த வீட்டுக்குப் போறது?” என்றான் தம்பி.

அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். தங்கையின் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கினாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் வாய் திறந்தாள்.

“இவன் சாவியச் சுத்தறது இன்னைக்கு நேத்தா?”

“இல்ல.”

“என்னைக்காவது அதுக்குத் திட்டியிருக்கியா?”

“இல்ல.”

“இன்னைக்கு மட்டும் ஏன்டி?”

“தெரியலக்கா. காலையில எழுந்ததுலேர்ந்தே எதப் பாத்தாலும், எதக் கேட்டாலும் பத்திக்கிட்டு வந்துச்சு. எப்பவும் வலிக்கு முந்தி அப்படித்தான்...” சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கண்ணைப் பொத்திய கையை எடுக்காமலே கேட்டாள். “அப்ப இத்தனை நாளும் சண்டைய ஆரம்பிச்சது நான்தானாக்கா?”

அக்கா திரைச்சீலையை இழுத்து வெளிச்சத்தை மறைத்தாள். மாத்திரையைப் பிரித்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீ இல்லடி. உன் தலைவலி.”