ஒரு தேக்கரண்டிச் சேறு

நீராவி வால்வின் மேல் கை இருந்தது. திருப்பத்தான் மனம் வரவில்லை.

தொட்டியின் சுவரில் காதை வைத்தாள். உள்ளே நாற்பதாயிரம் லிட்டர் வெதுவெதுப்பாக முனகிக்கொண்டிருந்தது. சலவைத்தூளுக்கு நொதி சுரக்கும் நுண்ணுயிர்கள். சட்டைக் காலரில் ஏறிய அழுக்கைச் சத்தமில்லாமல் தின்று தீர்க்கும் நொதி.

அத்தனையும் அவள் கணவர் ஒரு தேக்கரண்டிச் சேற்றில் கண்டுபிடித்த ஒற்றை உயிரின் வம்சம்.

அவர் போய் மூன்று வருடமாகிவிட்டது. அவை மட்டும் அரைமணிக்கொரு தரம் ஒன்று இரண்டாகி, அலுக்காமல் பெருகின. பிள்ளையில்லாத வீடு என்று யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குச் சிரிப்புதான் வரும். எங்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்க ஏழு ஜென்மம் போதாது என்று நினைத்துக்கொள்வாள்.

"அக்கா, நேரமாச்சு. நாளைக்குப் புது ரகம் வந்துடும். இதைவிட ரெண்டு மடங்கு சுரக்குமாம்," என்றான் சூப்பர்வைசர்.

பழையது ஒரு துளிகூட மிஞ்சிப் புதியதோடு கலந்துவிடக் கூடாது. உறைபெட்டியில் இதே உயிரைச் சேமித்து வைத்திருந்த குப்பிகளைக் காலையிலேயே வேகவைத்தாயிற்று. இனி இந்தத் தொட்டி மட்டும்தான்.

இன்று பார்த்து வீட்டிலும் வேலை. கொல்லையில் துணி துவைக்கும் இடத்துச் சேற்றில் மாமியார் வழுக்கி விழுந்து, ஒரு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து இப்போதுதான் எழுந்தார். அங்கே சிமெண்டு பூசியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று மேஸ்திரியை வரச்சொன்னது அவள்தான்.

வால்வைத் திருப்பினாள்.

ஆவி சீறியது. சுவர் சுட்டது. முனகல் தேய்ந்து தேய்ந்து, தூக்கத்தில் பேசும் குழந்தையின் பேச்சுபோல எங்கேயோ போனது. அவளுக்கும் கண் சொக்கியது.

கண்ணுக்குள் காலை வெயில். சோப்பு நுரை. குந்தி உட்கார்ந்திருக்கும் அவர் முதுகு. தேக்கரண்டியைக் காணோம் என்று உள்ளேயிருந்து மாமியார் போடும் சத்தம்.

திடுக்கிட்டு விழித்தாள். மணி பதினொன்று. மேஸ்திரி இந்நேரம் சிமெண்டு குழைத்திருப்பார். பாவி, எப்படி மறந்தேன்!

வீட்டுக்குப் போன் போட்டாள். வாய் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார்.

"திட்டாதம்மா. மேஸ்திரியத் திருப்பி அனுப்பிட்டேன். என் பிள்ளை என் தேக்கரண்டிய வச்சுத் தோண்டின இடமாச்சே, எனக்கு மனசு வரல. நான் இனிமே பார்த்து நடந்துக்கறேன்."