புள்ளி விழுந்த இடம்

க்ளெனிஸ் சாண்ட்விச் தட்டோடு தீயணைப்புக் கொட்டகைக்குள் நுழைந்தபோது மேசை முழுக்க வரைபடம் விரித்திருந்தது.

தொலைபேசி பக்கத்திலேயே இருங்கள், காணாமல் போன உங்கள் கணவர் கூப்பிட்டாலும் கூப்பிடுவார் என்று சொல்லி அவளை இதுவரை வீட்டிலேயே உட்கார வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிளம்பி வந்துவிட்டாள்.

தேடுதல் குழுவை நடத்தும் லாக்லன் எழுந்து அவளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். இரண்டு நாளாகத் தூங்காத முகம். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வரைபடத்தில் சிவப்பு வட்டமிட்ட இடத்தைக் காட்டினான்.

"ஆல்வின் கடைசியா சிலந்திப் படம் போட்டது இங்கருந்துதான், க்ளெனிஸ். ஒரு புதர் விடாம பாத்துக்கிட்டிருக்கோம்."

வட்டம் மலையின் தெற்குச் சரிவில் இருந்தது.

ஆல்வின் போனது வடக்குச் சரிவுக்கு.

அது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியமே தெரியும். சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு, ஊர்ப் பூச்சி ஆர்வலர் சங்கத்தின் பதிவுத் தளத்தைத் திறந்தால் கணவரின் புதுப் பதிவு வந்து நின்றது. மயில் சிலந்தி, ஆண், அரிசி மணியளவு, பதினொன்று இருபது. வரைபடத்தில் புள்ளி வடக்கே, காய்ந்த ஓடையின் மேல் விளிம்பில். போகிற இடத்தை மனிதர் வாய் திறந்து சொல்லமாட்டார். யார் முதலில் கண்டுபிடிப்பது என்பதில் பெண்டாட்டியானாலும் போட்டி போட்டிதான். அன்று இரவு அவர் திரும்பாதபோது போலீசிடம் அவள் அதிகம் பதறவில்லை. தளத்தில் பதிவு இருக்கிறது, இடம் அதிலேயே இருக்கிறது என்றாள். பார்த்துவிட்டோம் என்றார்கள் அவர்களும்.

எல்லோரும் ஒரே புள்ளியைத்தான் பார்க்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புள்ளியை மறைக்கச் சொன்னதே அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ தளத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு குன்றையே துடைத்தெடுத்து, மயில் சிலந்திகளை டப்பா டப்பாவாக வெளிநாட்டுக்கு விற்றார்கள். க்ளெனிஸ் சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டாள். அதிலிருந்து இந்தச் சிலந்தி எங்கே அகப்பட்டாலும், தளம் அதன் புள்ளியை இருபது கிலோமீட்டருக்குள் எங்காவது தூக்கிப் போட்டுவிடும். நிஜமான இடம் பதிவு போட்டவருக்கும், பதிவுகளைச் சரிபார்க்கிற அவளுக்கும் மட்டும் தெரியும்.

அவளிடம் தளம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. மற்றவர்களிடம் சொல்கிறது என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

ஆல்வின் அன்று அவள் பக்கம்தான் கை தூக்கினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ஊர் கண்ணைக் கட்டிவிட்டாய், உன் கண்ணைக் கட்ட ஒரு வழி சொல்லு பார்ப்போம் என்று கிண்டல். அதற்கப்புறம் மோட்டார் சைக்கிளைக்கூடப் புதருக்குள் தள்ளி, மேலே கிளைகளைப் போட்டு மூடிவிட்டுத்தான் நடப்பார். மலைமேல் மேகம் விலகாததால் ஹெலிகாப்டருக்கும் அது கண்ணில் படவில்லை.

தட்டை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. கைபேசியில் கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தாள். மூன்றாம் முறை திறந்தது. வடக்கே இருந்த புள்ளியை லாக்லனின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அவன் வயர்லெஸ்ஸை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

பகல் ஒரு மணிக்குக் கண்டுபிடித்தார்கள். ஓடைக்குள், பாறைக்கு அடியில், இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். கைபேசி மேலே விளிம்பிலேயே விழுந்து கிடந்தது. கேமரா மட்டும் கழுத்தில் இருந்தது.

உயிர் இல்லை.

லாக்லன் திரும்பி வந்தபோது முழங்கை வரை முள் கீறல். இதை இயக்கத் தெரிந்தது நீங்கள் ஒருத்திதான் என்று சொல்லிக் கேமராவை அவள் முன்னால் வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை.

"அந்தப் புள்ளி நெஜந்தானான்னு நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும். விழுந்த உடனேயே போயிருப்பார்ல, க்ளெனிஸ்?"

அவள் கேமராவைத் திறந்தாள்.

மயில் சிலந்திக்குப் பிறகும் படங்கள் இருந்தன. பாறையில் ஒரு பொன்வண்டு. கம்பளிப்பூச்சியை இழுத்துப் போகும் குளவி. அதே குளவி, இப்போது இரையில்லாமல். இருட்டில் எடுத்த ஒரு அந்துப்பூச்சி. ஒவ்வொன்றின் பெயரும் தானாக அவள் வாய்க்குள் வந்தது.

கடைசிப் படம் ஓர் எறும்பு. அவருடைய மழைக்கோட்டின் கைமடிப்பில் ஏறிக்கொண்டிருந்தது. கால் மயிர்கூட எண்ணிவிடலாம். படம் துளியும் ஆடவில்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில், செவ்வாய், காலை 6.52.

இன்றைக்குத்தான் செவ்வாய்.

கடிகாரம் தப்பாக இருக்கக்கூடாதா என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. தப்பாக இருக்க வழியில்லை. ஒன்றாம் தேதி அதைச் சரிசெய்து வைத்ததும் அவளேதான். இரண்டு நாள் முழுக்க, கை நடுங்காமல், இவர்கள் வருவார்கள் என்று அந்த மனிதர் காத்திருந்திருக்கிறார்.

எதிரே லாக்லன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை பள்ளிக் குழந்தைகளை ஏற்றப் போகாமல் மலையில் கிடந்தவன். பாவம், அவன் என்ன செய்வான்.

அவள் கேமராவை அணைத்தாள். முப்பது வருஷத்தில் ஒரு பதிவிலும் அவள் தேதியை மாற்றிச் சொன்னதில்லை.

"ஆமாப்பா. ஞாயித்துக்கிழமையோட படம் நின்னுபோச்சு."