நாலாவது துளை

நூற்று நாற்பது கிலோ நவரட்ணராஜாவின் வயிற்றைப் பெரிதாக வெட்டாமல், மூன்று சிறு துளைகள் வழியே கமரா விட்டு ஹேர்னியாவைச் சரிசெய்திருந்தார் டொக்டர். சண்டைக்காலம், தழும்புள்ள தமிழனை இயக்கக்காரனென்று சந்தேகித்து ஆமி சும்மா விடாது. அதனால் மனைவி மங்களேஸ்வரி டொக்டரிடம் கடிதம் கேட்டு வாங்கியிருந்தாள். "மூன்று துளைகள்" என்றிருந்தது. காலையில் மருந்து கட்டியபோது அவள் எண்ணியதும் மூன்றுதான்.

அம்பிட்டிய சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, நவரட்ணராஜாவின் சேர்ட்டை உயர்த்தினான்.

"நாலு இருக்கு."

மூன்று கட்டுகளுக்குக் கீழே, கட்டில்லாமல், ஆறிக் கறுத்த நாலாவது.

அவள் கணவனை முறைத்தாள். "என்னட்டையும் மறைச்சனீங்களோ?"

"இல்லையப்பா, சத்தியமா."

ஆமிக்காரன் கடிதத்தைத் திருப்பினான். காலையில் வெறுமையாயிருந்த பின்பக்கத்தில் டொக்டரின் அதே கையெழுத்து:

"நாலாவது நாங்கள் போட்டதல்ல. உள்ளேயிருந்து போட்டது."