சாம்பல் புதனுக்கு முன்னாடி

“மாமா, அப்பா முழிச்சிட்டாவளா?”

ஜோன்ஸ் திரைச்சீலைக்கு வெளியே நின்னு கேட்டான்.

“உள்ள வராதலே. மொகமெல்லாம் சோப்பு. சவரம் பண்ணிக்கிட்டு இருக்கேன்.” உள்ளேயிருந்து அகமது மீரான் குரல் வந்துச்சு.

மீரானும் ஜோன்ஸோட அப்பா ஞானசிகாமணியும் பட்டாளத்துல ஒண்ணா இருந்தவங்க. கூட்டாளியோட பேத்தி கல்யாணத்துக்கு மேலப்பாளையத்துலேருந்து நேத்தே உவரிக்கு வந்துட்டாரு. ராத்திரி கூட்டாளி கட்டில் பக்கத்துலயே பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டாரு. ஞானசிகாமணி படுக்கையில விழுந்து ரெண்டு மாசம் ஆச்சு. வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பிட்டாங்க.

“பேசுதாவளா மாமா?”

“ஒங்கப்பன் என்னைக்குலே காலையில பேசியிருக்கான்? டீ உள்ள போகாம வாயத் திறக்கமாட்டான். நீ போய் ஒஞ் சோலியப் பாரு.”

ஜோன்ஸ் போகல.

“பயமா இருக்கு மாமா. போன தடவ மாப்பிள்ளையோட அப்பா செத்து கல்யாணம் நின்னு போச்சு. நாளக்கழிச்சு சாம்பல் புதன். தவக்காலம் பொறந்துட்டா ஈஸ்டர் வரைக்கும் கோயில்ல கல்யாணம் கெடையாது. அதுக்குள்ள மாப்பிள்ளை ஜெர்வின் கப்பல் வேலைக்குப் போயிருவான். இன்னொரு தடவ நின்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு அவங்க வீட்டுல சொல்லிட்டாவ. அப்பா இன்னைக்கு ஒரு பொழுது தாங்கிட்டா போதும்.”

“நிக்காதுலே. நான் இருக்கேம்லா.”

அதுக்குள்ள ஞானசிகாமணியோட தங்கச்சி கிரேஸி மல்லியப்பூவோட வந்து நின்னா.

“ஏலே ஜோன்ஸ், ஒம் பொண்டாட்டி பண்ணுத கூத்தப் பாத்தியா? விடிஞ்சதுலேருந்து மாமனாரு ரூம் பக்கம் எட்டிக்கூட பாக்கல. பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு வாரவங்க போறவங்ககிட்ட ஒரே சிரிப்பு.”

லிண்டா மக ஸ்டெஃபிக்குப் பூ குத்திக்கிட்டிருந்தா. திரும்பாமலே, “மீரான் மாமா பாத்துக்கிடுவாவ சித்தி. நேரமாச்சு, நீங்க வேன்ல ஏறுங்க”ன்னா.

“நெஞ்சழுத்தக்காரி! எங்கண்ணன் இவள மருமவளாவா நடத்துனான்? இவ நைட் டூட்டி முடிஞ்சு வாரதுக்குள்ள புள்ளைக்கு ரெட்டைச் சடை பின்னி பள்ளிக்கூடம் அனுப்பிருவான்.”

“அந்தச் சடையா!” உள்ளேயிருந்து மீரான் சிரிச்சாரு. “பூட்ஸ் கயிறு கட்டுத மாதிரி இறுக்குவான். புள்ளைக்கு முழி வெளிய வந்துரும்.”

எல்லாரும் சிரிச்சாங்க. லிண்டா மட்டும் சட்டுன்னு அடுக்களைக்குள்ள போயிட்டா.

“பாத்தியா, காதுல கூட வாங்கல”ன்னு கிரேஸி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

“ஏலே ஜோன்ஸ், அந்த மெடல் குத்துன கோட்டு எங்க?” மீரான் கேட்டாரு. “அப்படியே ஜெபமாலையும் கொண்டா.”

“அப்பா கேட்டாவளா?”

“பேத்தி கல்யாணத்துக்குப் பனியனோடயா கெடப்பான்? கொண்டாலே.”

ஜோன்ஸ் ஓடிப்போய் எடுத்துட்டு வந்து திரைச்சீலை வழியா நீட்டுனான். மீரான் கை வந்து வாங்குச்சு. கோட்டை வாங்கின பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் ஜோன்ஸ் கையப் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

“எழுபத்தொண்ணு சண்டையில பனியில எங்கால் மரத்துப் போச்சுலே. ஒங்கப்பந்தான் தோள்ல போட்டுத் தூக்கிட்டு நடந்தான். வழியெல்லாம் ஒங்கம்மா பேச்சுதான். எந் தலையெழுத்து, குண்டுச் சத்தத்துக்கு நடுவுல அவ வைக்கிற மீன்கொழம்பப் பத்திக் கேட்டுக்கிட்டே வந்தேன்.”

“அம்மா செத்தப்ப எல்லாரும் இன்னொரு கல்யாணம் பண்ணச் சொன்னாவளாம் மாமா.”

“சொன்னோம். நானும்தான் சொன்னேன். நீ அப்ப சோறு திங்காம அழுவே. நீ திங்குத வரைக்கும் அவனும் திங்கமாட்டான். ரெண்டு பேரும் தட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பீங்க. அதப் பாத்தப்பெறவு நான் வாயத் திறக்கல.”

வெளியே வேன் ஆரன் அடிச்சுச்சு. ஸ்டெஃபி கல்யாண அலங்காரத்தோட வந்து திரைச்சீலைகிட்ட நின்னா. பெரியவங்க நெத்தியில சிலுவை போட்டுவிடாம அந்த ஊர்ல எந்தப் பொண்ணும் தாலிக்குப் புறப்படமாட்டா.

“தாத்தா, சிலுவை போட்டு விடுங்க.”

மீரான் வெளியே வந்து, திரைச்சீலைய இழுத்து மூடுனாரு.

“அவனால கையத் தூக்க முடியாதும்மா. அவனுக்குப் பதிலா நான் போடுதேன்.”

“நீங்களா பாய்?”ன்னா கிரேஸி.

“அம்பது வருசமா அவன் போடுறதப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். தப்பாப் போட்டா ரெண்டு சாமிகிட்டயும் நான் பேசிக்கிடுதேன்.”

அவரு கட்டைவிரலால ஸ்டெஃபி நெத்தியில சிலுவை போட்டாரு.

“தாத்தா என்ன சொன்னாவ?”

“நிமிந்து நடக்கச் சொன்னான். போயிட்டு வாம்மா.”

பூசை முடிஞ்சு பொண்ணு மாப்பிள்ளை கார் திரும்பி வந்தப்போ மத்தியானம். ஜோன்ஸ்தான் முதல்ல இறங்கி ஓடி வந்தான். மீரான் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு.

“தாலி ஏறிட்டாலே?”

“ஏறிட்டு மாமா! அப்பாகிட்ட சொல்லணும்.”

மீரான் பைய எந்திரிச்சு அவன் தோளப் பிடிச்சுக்கிட்டாரு.

“கோயிலுக்கு ஆள் அனுப்பி துக்க மணி அடிக்கச் சொல்லு. ஒங்கப்பன் விடியக்காலமே போயிட்டான்லே. டீ கொண்டாந்தவ தொட்டுப் பாத்துதான் எங்களுக்குத் தெரியும். நான் கத்தப் போனேன்... என் வாயப் பொத்துனதும் அவதான்லே, லிண்டா.”

ஜோன்ஸ் திரும்பிப் பார்த்தான். காரை விட்டு இறங்குன லிண்டா, தலையில இருந்த பூவைப் பிய்ச்சுப் போட்டுட்டு, நடைவாசல்லயே உக்காந்து அப்பதான் வாய்விட்டு அழ ஆரம்பிச்சா.