முழங்கால் உயரக் கம்பி

பண்ணை வேலியில் நின்ற கல்தூணுக்கு அலுத்துப் போயிருந்தது. கோடை பிறந்தால் மான் கூட்டம் தண்ணீர் தேடிக் கிழக்கே போகும், மழை விழுந்தால் திரும்பும். போகும்போதும் வரும்போதும் வேலியின் அடியிலுள்ள முள்கம்பி, கீழே ஊர்ந்து நுழையும் மான்களின் முதுகைக் கிழித்துவிடும். முள்ளில் தொங்கும் மயிரைப் பார்த்துப் பார்த்துத் தூண் திட்டும்.

"கட்டுன எடத்துல கெடக்கேன். என்னை என்ன செய்யச் சொல்றீக?" என்று அடிக்கம்பி சலித்துக்கொள்ளும்.

இந்த வருஷம் பண்ணைக்காரர் வந்து அதைக் கழற்றி எறிந்தார். முள்ளில்லாத மொட்டைக் கம்பி ஒன்றை முழங்கால் உயரத்தில் ஏற்றிக் கட்டினார். அப்பாடா என்று பெருமூச்சு விட்டது தூண்.

மறுநாளே கிழட்டுப் பெண்மான் ஒன்று குட்டியோடு வந்தது. குட்டி லேசாகத் தலையைக் குனிந்து ஒரே ஓட்டமாக அந்தப் பக்கம் போய்விட்டது. தாயோ முன்னங்கால்களை மடக்கி, வயிறு மண்ணில் தேய ஊர்ந்தது.

"ஏம்மா, கம்பியத்தான் தூக்கிக் கட்டியாச்சே! வயிறு தேயாமக் குனிஞ்சாலே போதுமே" என்றது தூண்.

"பார்த்தேன் அண்ணே" என்றது மான், பாதி உடம்பு இன்னும் இந்தப் பக்கம் கிடக்க. "இந்த முதுகுக்கு யாரு சொல்றது?"